ஒரு விரற்கடை தண்ணீர்

எதிர்வீட்டுச் சாமான் அறைக்குள் யாரோ தட்டுகிறார்கள் என்று முதலில் சொன்னது நான் இல்லை, பால்காரர். நான் அதை நாலு பேரிடம் சொன்னேன், அவ்வளவுதான். அந்த நாலு பேரும் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை என்றால் அதற்கு நான் என்ன செய்ய முடியும்?

தட்டல் தினம் இரண்டு வேளை. வெயில் உச்சிக்கு ஏறும்போது ‘டொக்’ என்று ஒன்று. சாயங்காலம் காற்று திரும்பிச் சுவர் சூடு தணியும்போது ‘டொக், டொக்’ என்று இரண்டு. அந்த வீட்டு மூத்தவன் உயிரோடு இருந்தபோது உச்சிவேளைக்குத்தான் கடலிலிருந்து வந்து சோற்றில் கை வைப்பான். சாயங்காலம்தான் வலையைப் பிரித்துப்போட்டு உட்காருவான். செத்த பிறகும் நேரம் தவறாமல் வருகிறான் என்று தெரு முடிவு கட்டிவிட்டது. நல்ல பொறுப்பான மனுஷன் என்றுகூடப் பேசிக்கொண்டார்கள். உயிரோடு இருந்தவரை அவனை அப்படி ஒருத்தரும் சொன்னதில்லை.

நான் தையற்காரி. மிஷினை வாசல் ஜன்னலோரம் போட்டிருக்கிறேன், அதற்கு நேர் எதிரே அவர்கள் வாசல். வெளிச்சத்துக்காகத்தான். “வெளிச்சம் பின் ஜன்னல்லதானே நல்லா வருது?” என்று என் வீட்டுக்காரர் ஒரு தடவை கேட்டார். ஊசியில் நூல் கோக்கும்போது பேசக் கூடாது என்று சொல்லிவிட்டேன்.

அந்த வீட்டில் இப்போது இரண்டே பேர். அக்கா, அவளுடைய கொழுந்தன். அக்கா என்று நான் கூப்பிடுகிறேனே தவிர எனக்கும் அவளுக்கும் மூன்று வயசுதான் வித்தியாசம். அவள் கல்யாணமாகி வந்தபோது கொழுந்தனுக்கு ஒன்பது வயசு, தாய் இல்லாத பையன். தனக்குப் பிள்ளை பிறக்காததால் அவனுக்கே தலை சீவி, அவனுக்கே நகம் வெட்டி வளர்த்தாள். இன்றைக்கு அவனுக்கு இருபத்தேழு. இன்னமும் அவன் சாப்பிட்டு எழுந்ததும் தட்டைப் பார்த்து, “ஏன்டா மிச்சம் வச்சே?” என்பாள். எதையும் வீணாக்கக் கூடாது அவளுக்கு. சோப்பு கரைந்து சீவலானால் அதைப் புதுச் சோப்பின் முதுகில் ஒட்டுவாள். நேற்றைய எண்ணெயை இன்றைய எண்ணெயோடு சேர்ப்பாள். நான் வெட்டிப் போட்ட துணித் துண்டுகளைக்கூடக் கேட்டு வாங்கிக்கொண்டு போய்க் கரித்துணி தைத்துவிடுவாள். இப்படி ஒரு கை எனக்கு இருந்திருந்தால் நாங்கள் மாடி கட்டியிருப்போம் என்பது என் வீட்டுக்காரர் கருத்து.

வருஷத்தில் ஆறு மாதம் எங்கள் பக்கத்தில் கடல் ஆகாது. சின்னப் படகுகளையெல்லாம் கரையில் கவிழ்த்துப் போட்டுவிடுவார்கள். எஞ்சினைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுவந்து, மரச் சட்டத்தில் மாட்டி, சாக்குப் போர்த்திவிடுவார்கள். பிறகு காற்று மாறி, கடலில் இறங்க முதல் நாள் குறித்ததும் ஒரே அமளி. சர்வீஸ், ஆயில், பிளக் என்று துறைப் பக்கத்து மெக்கானிக் கொட்டகையில் கல்யாணக் கூட்டம் நிற்கும்.

போன வருஷம் அப்படித்தான் மூத்தவனும் அந்த மெக்கானிக்கை வைத்து எஞ்சினைச் சர்வீஸ் செய்தான். இரண்டாம் நாள் கிளம்பிப் போனான். ஆற்றுக்குள் ஜம்மென்று போன படகு, ஆறும் கடலும் முட்டுகிற முகத்துவாரத்தில் அலையில் ஏறி இறங்கியதும் நின்றுபோனது. மணல் திட்டில் வலை வீசிக்கொண்டிருந்த கிழட்டு வலைக்காரர் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். நீந்திப் போகிற தூரமும் இல்லை, நீந்துகிற வயசும் இல்லை. ஸ்டார்ட்டர் கயிற்றை அவன் இழுத்து இழுத்துப் பார்த்தானாம். இருபது தடவை எண்ணியவர் அப்புறம் எண்ணிக்கையை விட்டுவிட்டாராம். படகு குறுக்கே திரும்பியது, ஒரே அலை. படகு மட்டும் திட்டில் வந்து ஒதுங்கியது. மூன்றாம் நாள் அவன் வந்தான்.

மீன்துறை ஆபீஸ்காரர்கள் வந்து எஞ்சினைப் பார்த்தார்கள். டேங்கிலும் கார்பரேட்டரிலும் கடல் தண்ணீர் புகுந்துவிட்டதால் ஒன்றும் சொல்வதற்கில்லை என்று எழுதிக்கொண்டு போனார்கள்.

“சர்வீஸ் பண்ணி ரெண்டு நாள்கூட ஆகலையே!” என்று தெருவில் ஒரு வார்த்தை கிளம்பியது. வேறொன்றும் சொல்லவில்லை, அது ஒன்றுதான். இதை முதலில் சொன்னது நான்.

அந்த ஒரு வார்த்தை போதுமானதாக இருந்தது. மெக்கானிக் கொட்டகைக்கு அடுத்த வாரத்திலிருந்து ஆள் வரவில்லை. மூன்று மாதத்தில் கொட்டகையை மூடினான். இப்போது பையைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகத் தையல் மிஷினும் மிக்ஸியும் ரிப்பேர் பார்க்கிறான். படகு எஞ்சின்மேல் கை வைப்பதில்லை. யாரும் வைக்கச் சொல்வதும் இல்லை. முப்பத்தைந்து வயசு ஆளுக்குக் கை நடுங்குகிறது. ஒரு திருகாணியைக் கழற்றினால் காகிதத்தில் வைத்து எண்ணுவான். மாட்டும்போது எண்ணுவான். மாட்டி முடித்து, மறுபடி கழற்றி, மறுபடி மாட்டுவான். ஒரு ஓட்டைத் தையல் மிஷினுக்கு அவன் எடுத்துக்கொள்கிற நேரத்தில் நான் கையாலேயே ஒரு பாவாடை தைத்து முடித்துவிடலாம்.

இருந்தும் என் மிஷினுக்கு அவனைத்தான் கூப்பிடுவேன். பாவம் என்றும் வைத்துக்கொள்ளலாம், பேச்சுக் கொடுக்கலாம் என்றும் வைத்துக்கொள்ளலாம்.

முதல் நாளுக்கு இன்னும் ஒரு வாரம் இருந்தது. அன்று உச்சிவேளையில் அவன் என் ஜன்னலோரம் குந்தி உட்கார்ந்து, மிஷின் அடிவயிற்றில் எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தான். எதிர்வீட்டில் ‘டொக்’ என்றது.

“கேட்டியா?” என்றேன் நான்.

“என்னது?”

“எதிர்வீட்டு அண்ணன். சாப்பாட்டுக்கு வந்துட்டாரு.”

அவன் சிரிக்கவில்லை. கையிலிருந்த எண்ணெய்க் குப்பியைக் கீழே வைத்தான். “அது கேன் சத்தங்க. பிளாஸ்டிக் கேன் வெயில்ல ஊதும். அடிப்பக்கம் உள்ள குழிஞ்சிருக்கும்ல, அது வெளிய தள்ளும்போது அப்படிச் சத்தம் வரும். சாயங்காலம் குளிர்ந்தா திரும்ப உள்ள இழுக்கும்.”

“அப்ப பேய் இல்லையா? இத்தனை நாள் நான் பயந்ததெல்லாம் வீணா?”

“பெட்ரோல் கேன்தானே அது?”

“ஆமா. அவரு வச்சுட்டுப் போனது. அக்கா யாரையும் தொட விடமாட்டா. கதவுல சாஞ்சே உக்காந்திருக்கா, பார்த்திருக்கியே. புருஷன் நெனப்பு.”

“எவ்வளவு இருக்கு அதுல?”

“நான் என்ன அளந்தா பார்த்தேன்?”

“பாதிக்கு மேல இருக்காது.” அவன் தனக்குள்ளேயே கணக்குப் போடுகிறவன்போலச் சொன்னான். “நிறைஞ்ச கேன் இவ்வளவு சத்தம் போடாது. உள்ள காத்து நிறைய இருந்தாத்தான் இப்படி ஊதும். மூடி சரியா உக்காரலேன்னா பகல்ல ஆவியை வெளிய விடும், ராத்திரி ஈரக்காத்தை உள்ள இழுக்கும். நல்ல சத்தெல்லாம் பறந்து போயிடும். ஈரக்காத்து உள்ள வேர்த்துத் தண்ணியா இறங்கி அடியில நிக்கும். மேல இருக்கிற பெட்ரோல் டீத்தண்ணி மாதிரி கறுத்து, பிசினாப் போயிடும். ஒரு வருஷம் ஆச்சுன்னா அது பெட்ரோலே இல்லைங்க.”

“பெட்ரோல்கூட ஊசிப்போகுமா? சோறு மாதிரியா?”

“சோறு ஊசிப்போனா நாத்தம் காட்டிக் குடுத்துடும். இது காட்டிக் குடுக்காது. புதுசோட கலந்துட்டா சுத்தமாத் தெரியாது. அவரு கிட்டகூட நான் படிச்சுப் படிச்சுச் சொன்னேன்…” என்று ஆரம்பித்தவன் நிறுத்திவிட்டான். மறுபடி திருகாணிகளை எண்ணத் தொடங்கினான். ஏழு. பிறகு மறுபடி முதலிலிருந்து. ஏழு.

“என்ன சொன்னே?”

“விடுங்க. நான் சொல்லி என்ன ஆகப்போகுது? கார்பரேட்டர்ல ஜெட்டுன்னு ஒரு சின்னத் திருகாணி, அதை அன்னைக்கு முறுக்கினேனா, இல்ல முறுக்காம விட்டேனா? அது ஒண்ணுதான் எனக்கு இன்னும் ஞாபகம் வரமாட்டேங்குது. முறுக்கினேன்னு சில நாள் தோணும். சில நாள் கை வெறும் கையாவே தெரியும்.”

நான் ஒரு சட்டைக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தேன். ஊசி விரலில் ஏறிவிட்டது. அன்றைக்கு அதோடு பேச்சை நிறுத்திக்கொண்டேன்; நிறுத்தியது அபூர்வம் என்பதால் குறிப்பிடுகிறேன்.

முதல் நாளுக்கு முந்தின நாள் சாயங்காலம் எதிர்வீட்டில் சத்தம். சண்டை என்றால் எனக்கு ஜன்னல் போதும். அன்றைக்கு ஏனோ ஒரு கிண்ணத்தில் சர்க்கரை கடன் கேட்கப் போகவேண்டியதாகிவிட்டது.

இளையவன் முற்றத்தில் எஞ்சினைத் துடைத்துக்கொண்டிருந்தான். வெளியூர் மெக்கானிக் ஒருத்தனைக் கூப்பிட்டு மொத்தமாகப் பிரித்துச் சுத்தம் செய்து, ஒரு டிரம் தண்ணீரில் எஞ்சினின் விசிறிக் காலை இறக்கி ஓட்டியும் பார்த்தாகிவிட்டது. புதுப் பெட்ரோலில் எஞ்சின் பூனைக்குட்டி மாதிரி உறுமியதை நானே கேட்டேன். அக்கா அடுக்களை வாசலில் அரிசி களைந்தபடி நின்றாள்.

“அண்ணி, சும்மா சொன்னதையே சொல்லாதீங்க. அண்ணன் காரியத்தன்னைக்கே எல்லார் முன்னாடியும் சொன்னேன்ல? மொத மொதல்ல போறப்ப அண்ணன் வச்சுட்டுப் போன பெட்ரோலைத்தான் ஊத்திக்கிட்டுப் போவேன்னு.”

“அது பழசுடா. வேணாம்.”

“பழசுன்னா என்ன, புழு வச்சிடுமா?”

“புதுசு வாங்கிக்கோ. நான் தர்றேன்.”

“வாங்குறதைப் பத்திப் பேச்சே இல்ல அண்ணி. அதுல போனா அண்ணன் கூட வர்ற மாதிரி எனக்கு.”

“அவரு கூட வரவேணாம்!”

அரிசிப் பாத்திரம் சாய்ந்து, களைந்த தண்ணீரோடு அரிசியும் முற்றத்தில் ஓடியது. அக்கா அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஒரு பருக்கையைக்கூடப் பொறுக்கவில்லை.

“அக்கா, நான் அள்ளட்டுமா?”

“நீ எதுக்குடி வந்தே?”

“சர்க்கரைக்கு.”

“உங்க வீட்டுக்காரருக்குத்தான் சர்க்கரையே ஆகாதே!”

மாட்டிக்கொண்டேன். இளையவன் சிரித்துவிட்டான். அந்தச் சிரிப்போடு பேச்சு முடிந்தது. அவன் குளிக்கப் போனான். அக்கா சாமான் அறைக் கதவைச் சாத்தி, அதில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்துகொண்டாள். உட்கார்ந்து தன் உள்ளங்கைகளை மோந்து பார்த்தாள். இந்தப் பழக்கம் அவளுக்கு ஒரு வருஷமாக இருக்கிறது. பாத்திரம் கழுவிவிட்டு, துணி துவைத்துவிட்டு, சோற்றை வடித்துவிட்டுக்கூட மோந்து பார்ப்பாள். புருஷன் வாசனை தேடுகிறாள் என்று நான் தெருவில் விளக்கம் சொல்லியிருந்தேன். எல்லோரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

அவள் முதுகுக்குப் பின்னால் ‘டொக்’ என்றது. அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். “இன்னும் ஒண்ணு இருக்கு,” என்றாள் மெதுவாக. காத்திருந்தோம். ‘டொக்.’

மறுநாள் காலை எட்டு மணிக்கு நீரோட்டம் வெளிப்பக்கம் திரும்பும், அதைப் பிடித்துத்தான் படகுகள் கிளம்பும். ஏழு மணிக்கே மெக்கானிக் என் மிஷின் தலையைத் தோளில் சுமந்துகொண்டு வந்துவிட்டான். பலகையில் பொருத்தி, சக்கரத்தைச் சுற்றி, திரும்பக் கழற்ற உத்தேசித்தான். “போதும்ப்பா, ஓடுது,” என்று கையைப் பிடித்துக்கொண்டேன்.

எதிரே அக்கா குடத்தோடு குழாயடியிலிருந்து வந்தாள். உள்ளே போனாள். குடம் விழுகிற சத்தம் கேட்டது. மறு நிமிஷம் வெளியே ஓடி வந்தாள். இடப்பக்கம் துறைக்குப் போகிற வழி. அந்தப் பக்கம் நாலடி வைத்தாள். நின்றாள். திரும்பி நேரே என் வீட்டுக்குள் வந்தாள். என்னைப் பார்க்கவில்லை. ஒரு வருஷமாக எந்த முகத்தை எதிரில் கண்டால் சந்து மாறிப் போவாளோ அந்த முகத்தின் எதிரில் போய் நின்றாள்.

“தம்பி, வாங்க. அவன் கேனை எடுத்துட்டுப் போயிட்டான்.”

மெக்கானிக் எழுந்தான். “எந்தக் கேன்?”

“அதான். அவரு கேன்.”

“ஒரு வருஷப் பெட்ரோலா? ஊத்தினா எஞ்சின் கொஞ்ச தூரம்…”

“ஒரு வருஷம் இல்ல தம்பி. அதுக்கும் முந்தினது அதுல இருக்கு.”

மெக்கானிக்கின் கை மிஷின் சக்கரத்தின்மேல் இருந்தது. அது அப்படியே நின்றது.

“நீங்க அன்னைக்கு அவருகிட்டச் சொன்னீங்கள்ல? பழைய கேன்ல கெடக்கிறதைக் கொட்டிடுங்க, புதுசோட சேத்துடாதீங்கன்னு. நான் அடுக்களையில இருந்து கேட்டேன். அவரும் எங்கிட்ட, கொட்டிடுன்னு சொல்லிட்டுப் போனாரு. எனக்கு மனசு வரலை. பாதி கேன் கிட்ட இருந்தது. ஆறு மாசம் சும்மா கெடந்ததுக்கு என்ன ஆயிடப்போகுதுன்னு… கொழுந்தன் வாங்கிட்டு வந்த புதுசுல ஊத்தி, நல்லா குலுக்கி வச்சுட்டேன். சாயங்காலம் அவரு வந்து பார்த்துட்டு, ‘பரவால்லையே, தம்பி கேன் நிறைய வாங்கிட்டு வந்திருக்கான்’னு சொன்னாரு. நான் சிரிச்சேன். அப்ப சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்துச்சு. திட்டுவாருன்னு விட்டுட்டேன். அதுல பாதியைத்தான் டேங்க்ல ஊத்திக்கிட்டுப் போனாரு. மீதிதான் இது.”

ஒரு மூச்சில் சொல்லி முடித்தாள். மெக்கானிக்கின் முகம் எப்படி இருந்தது என்று கேட்டால், சொல்லத் தெரியவில்லை. பல நாள் வயிற்று வலிக்காரனுக்குச் சட்டென்று வலி நின்றால் முதலில் பயந்துபோவானே, அப்படி இருந்தது.

“நடங்க,” என்றான். மூன்று பேரும் ஓடினோம். என் கழுத்தில் அளவு நாடா தொங்கிக்கொண்டிருந்தது.

துறையில் படகுகள் ஒவ்வொன்றாக விலகிக்கொண்டிருந்தன. இளையவன் ஏற்கெனவே நூறடி தள்ளி ஆற்றில் இருந்தான். காலியான நீலக் கேன் படிக்கட்டில் சாய்ந்து கிடந்தது. எஞ்சின் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது.

“ஓடுதே!” என்றேன்.

“பைப்ல நேத்தைய புதுப் பெட்ரோல் இருக்கும். அது தீர்ற வரைக்கும் ஓடும். அப்புறமும் தண்ணி அப்படியே டேங்க் அடியில உக்காந்திருக்கும், படகு ஆடாத வரைக்கும். ஆடினா பைப்புக்குள்ள ஏறி எஞ்சினை நிறுத்திடும்.” மெக்கானிக் சட்டையைக் கழற்றித் தலைக்குமேல் சுழற்றினான். “திரும்பு! திரும்பிடு!”

இளையவன் பார்த்துவிட்டான். ஒரு வட்டம் அடித்துக் கூப்பிடு தூரத்துக்கு வந்தான். வந்து, யார் கையில் சட்டை சுழல்கிறது என்று தெரிந்ததும் முகம் மாறியது.

“உன் கையை நம்பி எங்க அண்ணன் போனது போதாதா? நீ சொல்லி நான் திரும்பணுமா?”

துறையில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். ஐஸ் உடைக்கிறவர்கள், கூடைக்காரிகள், டீக்கடைக்காரர். பாதிப் பேர் மெக்கானிக்கை முறைத்தார்கள். அவன் சட்டையை இறக்கிக்கொண்டு அக்காவைப் பார்த்தான். சொல்லுங்கள் என்று சொல்லவில்லை. பார்த்தான், அவ்வளவுதான்.

அக்கா படிக்கட்டில் முழங்கால் தண்ணீர் வரைக்கும் இறங்கினாள்.

“அந்தத் தம்பி சொல்லலைடா! நான் சொல்றேன், வாடா!”

“ஏன் அண்ணி? காரணம் சொல்லுங்க. நேத்தும் சொல்லலை.”

“அது நல்ல பெட்ரோல் இல்ல!”

“அண்ணன் வச்சது எப்படி நல்லா இல்லாமப் போகும்?”

“அண்ணன் வைக்கலைடா!” அந்தக் குரல் அவளுக்கு எங்கிருந்து வந்ததோ. “நான் வச்சேன்! பழசைக் கொட்டச் சொன்னாங்க, நான் கொட்டலை. நீ வாங்கிட்டு வந்த புதுசுல கலந்தேன். நான்தான்டா கலந்தேன்! அதுல போயித்தான் உங்க அண்ணன் நின்னாரு! அந்தத் தம்பி மேல ஒண்ணும் இல்ல!”

ஐஸ் உடைக்கிற சத்தம் நின்றிருந்தது. இளையவன் ஒரு கையை எஞ்சின்மேல் வைத்தபடி எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். அப்போது பெரிய படகு ஒன்று பக்கத்தில் கடந்து போக, அதன் அலை அவன் படகை இரண்டு தடவை தூக்கிப் போட்டது. எஞ்சின் இருமியது. இன்னொரு தடவை இருமியது. நின்றது.

நீரோட்டம் அப்போதுதான் வெளிப்பக்கம் திரும்பியிருந்தது. படகு மெதுவாக, ஒரு அவசரமும் இல்லாமல், முகத்துவாரத்தைப் பார்த்துத் தானாக நகர ஆரம்பித்தது. இளையவன் குனிந்து கயிற்றைப் பிடித்து இழுத்தான். வெறும் ‘கர்ர்’. மறுபடி இழுத்தான்.

“இழுக்காதடா!” அக்கா இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டாள். “கயித்தை விடுடா! இழுக்காத!”

அவன் மூன்றாவது தடவை இழுத்தான். அதற்குள் மெக்கானிக் அந்தப் பெரிய படகைக் கூவி அழைத்திருந்தான். அவர்கள் திரும்பி வந்து கயிறு வீசினார்கள். முதல் வீச்சு தண்ணீரில் விழுந்தது. இரண்டாவதை இளையவன் பிடித்தான்.

கட்டி இழுத்துவந்து துறையில் விட்டார்கள். அவன் படகிலிருந்து இறங்கவில்லை. பலகையில் உட்கார்ந்தே இருந்தான். மெக்கானிக் படகுக்குள் இறங்கி, பைப்பைக் கழற்றி, டேங்கின் அடியிலிருந்து ஒரு கண்ணாடிப் பாட்டிலில் பிடித்தான். ஒரு வருஷத்துக்குப் பிறகு படகு எஞ்சின் பக்கத்தில் அவன் கை. நடுங்கவில்லை.

பாட்டிலைப் படியில் வைத்தான். கொஞ்ச நேரத்தில் கலங்கல் தெளிந்து இரண்டாகப் பிரிந்தது. மேலே பழுப்பாக, கடுந்தேநீர் மாதிரி ஒன்று. அடியில் ஒரு விரற்கடை அளவு தண்ணீர்.

அக்கா குனிந்து அதைப் பார்த்தாள். எல்லோரும் அவளையே பார்த்தோம்.

“இவ்வளவுதானா?” என்றாள்.

“இது போதும்,” என்றான் மெக்கானிக். பிறகு படியில் உட்கார்ந்து, யாருக்கும் இல்லாமல் சொன்னான்: “ஜெட்டை நான் முறுக்கித்தான் இருந்தேன். முறுக்கியிருந்தேன்.” வாயைப் பொத்திக்கொண்டு அழுதான். துறையில் ஒருத்தருக்கும் அவனிடம் போய்த் தோளைத் தொடுகிற தைரியம் வரவில்லை. எனக்கும்தான். எனக்கு எப்படி வரும்?

இளையவன் தலை நிமிரவில்லை. பாட்டிலைப் பார்த்தபடி மெக்கானிக்கிடம் கேட்டான்.

“அண்ணனுக்குத் தெரிஞ்சிருக்குமா?”

“என்ன?”

“நின்னுபோனப்ப. பெட்ரோல்தான்னு. அண்ணி கலந்துட்டாங்கன்னு. அவருக்குத் தெரிஞ்சிருக்குமா?”

அக்கா நிமிர்ந்தாள். ஒரு வருஷமாக அவள் கதவில் முதுகைச் சாய்த்து எதைக் காவல் காத்தாள் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. தப்பை இல்லை, அதை அவள் மனதுக்குள் என்றைக்கோ ஒத்துக்கொண்டிருந்தாள். இந்தக் கேள்வியைத்தான்.

மெக்கானிக் முகத்தைத் துடைத்துக்கொண்டான். ஒரு வருஷம் அவன் பட்டதற்கு அவன் என்ன வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம். யோசித்துச் சொன்னான்.

“தெரிஞ்சிருக்காது. தெரிஞ்சிருந்தா கயித்தை விட்டுட்டுத் துடுப்பை எடுத்திருப்பாரு. கடைசி வரைக்கும் இழுத்துக்கிட்டே இருந்தாருன்னா, கிளம்பிடும்னு நெனச்சுக்கிட்டேதான் இருந்திருக்காரு.”

அக்கா என் பக்கம் திரும்பினாள். தெருவில் எது நடந்தாலும் முதல் ஆளாகப் போய் விசாரித்துவிட்டு வருகிறவள் நான் என்று அவளைவிட யாருக்குத் தெரியும்?

“நீதானேடி அன்னைக்கு அந்த வலைக்காரரைப் போய்ப் பார்த்துட்டு வந்தே? அவரு வேற ஏதாவது பார்த்தேன்னு சொன்னாரா?”

சொல்லியிருந்தார். நாலாவது இழுப்புக்கும் ஐந்தாவது இழுப்புக்கும் நடுவில் மூத்தவன் டேங்க் மூடியைத் திறந்தானாம். குனிந்து முகத்தை வைத்து மோந்து பார்த்தானாம். பிறகு நிமிர்ந்து கரைப் பக்கம், எங்கள் தெரு இருக்கிற பக்கம், கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றானாம். அப்புறம்தான் மறுபடி கயிற்றை இழுக்க ஆரம்பித்தானாம். அன்றைக்கு எனக்கு அதன் அர்த்தம் தெரியவில்லை. மெக்கானிக்கைப் பற்றிச் சொல்ல ருசியான விஷயம் இருந்ததால் இதை யாரிடமும் சொல்லவும் இல்லை.

“இல்லக்கா,” என்றேன். “கயித்தை இழுத்தாரு, இழுத்தாருன்னுதான் சொன்னாரு. வேற ஒண்ணும் சொல்லலை.”

அக்கா என் முகத்தை ரொம்ப நேரம் பார்த்தாள். வழக்கமாக நான் பொய் சொன்னால் சர்க்கரைக் கிண்ணத்திலேயே கண்டுபிடித்துவிடுகிறவள். பிறகு தலையை ஆட்டினாள். கொழுந்தனுக்குக் கையை நீட்டினாள். அவன் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டே இருந்தான். கடைசியில் பிடித்துத்தான் இறங்கினான்.

நம்பினாளா என்று எனக்குத் தெரியாது. இந்தத் தெருவில் நான் கேட்காமல் விட்டது அது ஒன்றுதான்.